மறுப்புக் கடிதத்தோடு நின்றுவிடாதீர்கள்



இங்கிலாந்திலே ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது. பிள்ளையின் விசேட கல்வித் தேவைகளைப் பற்றிக் கவுன்சில் எடுத்த முடிவு பிழையென்றால், பெற்றோர் போய் முறையிடும் இடம் அது. அண்மைய ஆண்டுகளில் அங்கே தீர்ப்புவரை போன வழக்குகளில் 95 வீதத்துக்கு மேற்பட்டவை, முழுதாகவோ பகுதியாகவோ, பெற்றோர் பக்கமே முடிந்திருக்கின்றன. கட்டணம் ஒரு பென்னியும் இல்லை. வக்கீல் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அப்படியிருந்தும் எனக்குத் தெரிந்த எங்கள் தமிழ்க் குடும்பங்கள் பல அந்த வாசலை எட்டியும் பார்க்கவில்லை.

ஏன்? அரசாங்கக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தால் அதுதான் முடிவு, எதிர்த்துக் கேட்டால் வில்லங்கம் என்று பழகி வந்த சனம் நாங்கள். அந்தப் பயத்துக்கு ஊரில் காரணம் இருந்தது. இங்கே அது பிள்ளையின் காலத்தைத் தின்கிறது. இன்னொரு பயமும் உண்டு: "பிள்ளைக்கு ஏதோ குறையாம்" என்று சனம் கதைக்கும் என்ற பயம். கதைக்கிறவர்கள் கதைக்கட்டும். அவர்கள் யாரும் உங்கள் மகனுக்குப் பக்கத்தில் வகுப்பில் இருக்கப் போவதில்லை.

கவுன்சிலிடம் நாம் முதலில் கேட்பது என்ன? பிள்ளைக்குத் தரவேண்டிய உதவிகளைச் சட்டப்படி எழுதித் தரும் ஈ.எச்.சி. திட்டத்தைக் கையில் தா என்று அல்ல. கல்வி உளவியலாளர் உட்பட, தெரிந்தவர்களைக் கொண்டு என் பிள்ளையை ஒழுங்காகப் பார்த்துச் சொல் என்று, ஒரு மதிப்பீட்டைத்தான் கேட்கிறோம். 2014ஆம் ஆண்டின் பிள்ளைகள் மற்றும் குடும்பங்கள் சட்டம், 36ஆவது பிரிவில், இரண்டே கேள்விகளை வைக்கிறது. பிள்ளைக்கு விசேட கல்வித் தேவை இருக்கிறதா, அல்லது இருக்கக்கூடுமா? திட்டத்தின் மூலம் உதவி தேவைப்படக்கூடுமா? இருக்கக்கூடும் என்றாலே போதும். நிரூபித்துக்கொண்டு வா என்று சட்டம் கேட்கவில்லை.

ஆனால் மதிப்பீட்டை மறுக்கும் கடிதங்களில் என்ன எழுதுகிறார்கள்? "வைத்தியரின் நோய்க்கணிப்பு இல்லை." சட்டம் அதைக் கேட்கவில்லை. "பாடசாலை தன் பணத்தில் இவ்வளவு செலவழித்ததற்குக் கணக்கு இல்லை." அந்தச் சட்டப்பிரிவில் அப்படி ஒரு நிபந்தனை கிடையாது. "வாசிப்பில் வகுப்பு மட்டத்தில்தான் இருக்கிறார்." நன்றாக வாசிக்கும் பிள்ளை சாப்பாட்டு மண்டபத்தின் சத்தம் தாங்காமல் மேசைக்குக் கீழே ஒளிவதை எந்தப் புள்ளி காட்டும்?

எனக்கு மிகவும் கோபம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது. "வீட்டில் தமிழ் கதைப்பதால்தான் பிந்துகிறான், நிறுத்துங்கள்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். வீட்டுமொழி வேறு என்பதை மட்டும் வைத்துக் கற்றல் சிரமம் என்று கொள்ளக்கூடாது என்று அதே சட்டத்தின் 20ஆவது பிரிவு சொல்கிறது, உண்மை. அதற்காக, தமிழ் கதைக்கிற பிள்ளைக்குச் சிரமமே இருக்காது என்று ஆகிவிடுமா? "சப்பாத்தைக் கழட்டி வைச்சிட்டு, பையைக் கொண்டு வா" என்று அம்மம்மா தமிழில் சொல்லும் இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்யத் திணறுகிற பிள்ளைக்கு, ஆங்கிலம் போதாததா பிரச்சினை? அம்மம்மா கண்டதும் சாட்சிதான். திகதி போட்டு எழுதி வையுங்கள். "இன்றைக்கு நேரத்தோடு வந்து கூட்டிக்கொண்டு போங்கோ" என்று பாடசாலை தொலைபேசியில் அழைத்த நாள்களையும் குறித்து வையுங்கள்.

இனிக் காலக்கெடு. நீங்கள் மதிப்பீட்டைக் கேட்டு 6 கிழமைக்குள் கவுன்சில் பதில் தரவேண்டும். மறுத்தால், கடிதத் திகதியிலிருந்து 2 மாதம், அல்லது மத்தியஸ்தச் சான்றிதழ் கிடைத்து 1 மாதம், இரண்டில் எது பிந்தியதோ அதற்குள் மேன்முறையீடு போகவேண்டும். அந்தச் சான்றிதழுக்காக, மேன்முறையீட்டுக்கு முன் மத்தியஸ்த ஆலோசகரோடு கதைப்பது அவசியம். கவுன்சிலோடு மத்தியஸ்தத்துக்கு உட்காருவதா இல்லையா என்பது உங்கள் விருப்பம். வேண்டாம் என்றால் சான்றிதழ் 3 வேலைநாளில் வரும். மதிப்பீடு மறுக்கப்பட்ட வழக்குகளைத் தீர்ப்பாயத்தில் பெரும்பாலும் கடதாசிகளைப் பார்த்தே தீர்க்கிறார்கள். ஆங்கிலத்தில் வாதாடத் தெரியாதே என்று யாரும் தயங்க வேண்டாம். ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் இலவச ஆலோசனை தரும் செண்டியாஸ் சேவை உண்டு. இப்சியா என்ற தொண்டு நிறுவனம் மாதிரிக் கடிதங்களையே வைத்திருக்கிறது.

தீர்ப்பாயம் கட்டளையிட்டுவிட்டால், மதிப்பீட்டைத் தொடங்குவதாக 2 கிழமைக்குள் கவுன்சில் உங்களுக்கு அறிவித்தாக வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் பின்பக்க மேசையில் நாங்கள் சிலர் இருப்போம். மறுப்புக் கடிதம் வைத்திருப்பவர்கள் தேநீருக்கு முன்னமே வாருங்கள். திகதியைப் பார்த்து, படிவத்தை இன்றைக்கே நிரப்பத் தொடங்கலாம். அப்பாமாரும் கட்டாயம் வாருங்கள். இந்தக் கடதாசி வேலை முழுவதையும் அம்மாவின் தலையில் கட்டிவிடாதீர்கள்.