அடமானத்தில் பிள்ளைகள்

(கிளைச் செயலாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நகையை அடகு வைப்பார்கள். நிலத்தை அடகு வைப்பார்கள். பெற்ற பிள்ளையை அடகு வைப்பதுண்டோ என்று கேட்டால், "சேச்சே, அபாண்டம்!" என்று முகம் சுளிப்பார் பட்டணத்துப் பெரிய மனிதர். ஆனால், குழந்தைகளின் உழைப்பை அடமானம் வைப்பதைத் தடுக்கவென்றே 1933இல் தனியாக ஒரு சட்டம் பிறந்தது. நடக்காத ஒன்றைத் தடுக்கச் சட்டம் எதற்கு?

அதற்கு முன், 1931இல் வெளிவந்த விட்லி ஆணைக்குழு அறிக்கை, பீடிப் பட்டறை போன்ற இடங்களில் 5 வயதுக் குழந்தைகள்கூட நாளொன்றுக்கு 10, 12 மணி நேரம் வேலை செய்வதையும், 2 அணாக் கூலி பெறுவதையும் எடுத்துக் காட்டியது. பிள்ளைகளை அடமானம் வைக்கும் வழக்கம் அமிர்தசரசிலும் அகமதாபாத்திலும் நமது சென்னையிலும் இருந்ததென்றும் சொல்லிற்று.

சட்டம் வந்ததே, தண்டனை என்ன? பெற்றவனுக்கு 50 ரூபாய் வரை அபராதம்; வேலை வாங்கிய முதலாளிக்கு 200 ரூபாய் வரை! முதலாளி அதைச் சில்லறைச் செலவில் எழுதிக்கொண்டிருப்பார். போதாததற்கு, நியாயமான கூலிக்கு, ஒரு வார முன்னறிவிப்பில் முறித்துக்கொள்ளத்தக்க ஒப்பந்தம் என்றால் குற்றமில்லை என்று ஒரு சந்தும் விட்டு வைத்தார்கள்.

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "ஈவிரக்கமற்ற பெற்றோர்" என்று மேடையில் முழங்குவது எளிது; நம்மவர்களே அப்படிப் பேசக் கேட்டிருக்கிறேன். தரகன் எப்போது வருகிறான் என்று பாருங்கள். வீட்டிலே சாவு விழுந்திருக்கும்; மூத்தவள் கலியாணம் நின்றுபோகும் நிலையில் இருக்கும்; மழை பொய்த்திருக்கும். அந்த வேளை பார்த்து முன்பணத்தை நீட்டுகிறான். கணக்குப் புத்தகமோ முதலாளியிடம்! காய்ச்சலில் கிடந்த நாள் கழிவு, உடைந்த பொருள் கழிவு, தின்ற சோறும் கழிவு. ஆண்டு முடிகிறது, கடன் குறையவில்லை. தம்பியும் அண்ணனைத் தொடர்ந்து போகிறான். 2018இல் கஜா புயல் அடித்து ஓய்ந்த பின் காவிரிப் படுகையிலே ஆடு மேய்க்க அனுப்பப்பட்ட சிறுவர்கள் கதையும் இதுதான்.

பெண் பிள்ளைக்கு வேறு பெயர் சூட்டினார்கள்: சுமங்கலித் திட்டம்! நூற்பாலை விடுதியில் மூன்றாண்டு அடைந்து கிடந்தால், முடிவிலே கலியாணச் செலவுக்கு ஒரு தொகை. உடல் நலிந்து இரண்டரை ஆண்டில் வீடு திரும்பினால்? அந்தத் தொகைக்காக மன்றாட வேண்டியதுதான். மங்கலமான பெயரை வைத்துவிட்டால் கொடுமையும் மங்கலமாகிவிடும் என்று எண்ணினார்கள் போலும்!

சிவகாசித் தீப்பெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10ஆம் நாள் தந்த தீர்ப்பு, பிணியின் வேரைத் தொட்டது. வேலைக்கு வைத்த முதலாளி குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும். குடும்பத்தில் வளர்ந்தவர் ஒருவருக்கு வேலை, இயலாவிடில் அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். அதன் வட்டி, பிள்ளை பள்ளி செல்லும் வரை குடும்பத்துக்கு. பிள்ளையை மீட்டால் அடுப்பு எரிய வேண்டுமே என்று எண்ணிய தீர்ப்பு அது.

1956இல் பகலுணவும் 1982இல் சத்துணவும் 2022இல் காலைச் சிற்றுண்டியும் பள்ளிக்கு இழுத்து வந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். 2016இல் திருத்தப்பட்ட சட்டம் 14 வயது நிரம்பாதோரை வேலைக்கு வைப்பதையே தடுத்தது. ஆனால் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலுக்கு விலக்கு தந்தது. பீடி சுற்றுவது வீட்டுத் திண்ணையில்தானே, தோழர்களே? அந்த விலக்கு எனக்கு உடன்பாடில்லை.

இனி உங்கள் வேலை. பள்ளி திறந்த இரண்டாம் வாரம் தலைமையாசிரியரைப் பாருங்கள். வராத பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டு, வீடு வீடாகச் செல்லுங்கள். "மாமா வீட்டுக்குப் போயிருக்கிறான்" என்பார்கள். எந்த ஊர் மாமா என்று கேளுங்கள். ஐயம் எழுந்தால் 1098 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள், கட்டணம் இல்லை. முன்பணத்தைத் திருப்பித் தந்து பிள்ளையை மீட்கலாமென்று வசூலில் இறங்காதீர்கள். 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் செத்துப்போன கடன்! கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து விடுதலைச் சான்று பெறுங்கள். சான்று கைக்கு வரும்வரை அந்தக் குடும்பத்தைத் தனியே விட்டு வராதீர்கள். தரகன் அன்றிரவே கதவைத் தட்டுவான்.