மூடியைத் திறந்து பார்த்து வாங்குவோம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது. பேசியபடியே தருகிறோம், சில இடங்களில் மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)



எனக்கு முன்னாடி பேசினவங்க கறவை மாடு பத்திச் சொன்னாங்க, தையல் பத்திச் சொன்னாங்க. நான் பேச வந்தது துணி துவைக்கிற மிஷினைப் பத்தி. புதுசு இல்லை, பழசு. ஒரு பக்கம் துவைக்கிற தொட்டி, இன்னொரு பக்கம் பிழியிற ட்ரையர், ரெண்டு தொட்டி உள்ள பழைய மிஷின். "இதையெல்லாமா மேடை போட்டுப் பேசுவாங்க"ன்னு நீங்க நினைக்கலாம். நானும் ஒரு காலத்துல அப்படித்தான் நினைச்சேன். அந்த நினைப்பால வந்த வினையை முதல்ல சொல்லிர்றேன்.

ஏழெட்டு வருஷத்துக்கு முந்தி நான் எங்க குழுவுக்கு ஊக்குநரா இருந்தேன். குழுவில ஒரு தங்கச்சி ஏலத்தோட்டத்துக்குப் போறவ. விடியறதுக்கு முந்தி ஜீப் ஏறினா, மலையேறிப் போய் வேலை பார்த்துட்டு வீடு திரும்ப இருட்டிரும். அவ ஒரு மாசக் கூட்டத்துல நாலாயிரம் ரூபாய் உள்கடன் கேட்டா. எதுக்குன்னு கேட்டோம். "பழைய வாஷிங் மிஷின் ஒண்ணு விலைக்கு வருதுக்கா"ன்னா. கூட்டத்துல எல்லாரும் சிரிச்சோம். "ரெண்டு கையும் நல்லாத்தான இருக்கு, மிஷின் எதுக்குத்தா?"ன்னு கேட்டது நான்தான். தீர்மான நோட்டுல "அத்தியாவசியம் இல்லாததால் கடன் வழங்கப்படவில்லை" என்று எழுதினதும் என் கைதான்.

அவ தண்டலுக்குப் பணம் வாங்கி, தனியாப் போய் அந்த மிஷினை வாங்கிட்டு வந்தா. ட்ரையரோட மூடியைத் திறந்தா மின்சாரம் நின்னு போகணும். அதுக்குன்னு மூடிக்குக் கீழே ஒரு சுவிட்ச் இருக்கும். அந்த மிஷின்ல சுவிட்ச் கெட்டுப் போயிருந்ததை மாத்தாம, ரெண்டு வயரையும் நேரா முறுக்கி விட்டிருந்தாங்க. மூடி திறந்திருந்தாலும் தொட்டி சுத்தும். அது அவளுக்குத் தெரியாது. மூணாவது வாரம், பத்தாவது படிச்ச மகள், சுத்திக்கிட்டு இருக்கும்போதே மூடியைத் திறந்து துணியை எடுக்கக் கையை விட்டுருச்சு. தாவணி முனை கையைச் சுத்தி இழுத்துருச்சு. வலது கையில ரெண்டு விரல் எலும்பு முறிஞ்சது. அந்தப் பிள்ளை சொல்லச் சொல்ல வேற ஒருத்தர் எழுதித்தான் பரீட்சை முடிஞ்சது. ஒரு விரல் இன்னைக்கும் முழுசா மடங்காது.

அந்தத் தங்கச்சிகிட்ட கேட்டுட்டுத்தான் இதை இங்கே சொல்றேன். அவ என்னைக் குறை சொல்லலை. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா: "நீங்க கடன் குடுக்காட்டியும் பரவாயில்லக்கா, வாங்கும்போது யாராச்சும் கூட வந்திருக்கலாம்." அந்த வார்த்தைதான் என்னை இந்த மிஷினைப் பத்தித் தெரிஞ்சுக்க வச்சது.

மிஷின் ஆடம்பரமா இல்லையான்னு பேசி முடிச்சுக்குவோம். ஆறு நாள் தோட்டத்துக்கோ, திராட்சைக் கொடிக்கோ, வாழைக்கோ போறோம். ஏழாவது நாள் லீவுன்னு பேரு. அன்னைக்குத்தான் ஒரு வாரத் துணி. சாரல் அடிக்கிற மாசத்துல பிழிஞ்சு போட்ட துணி ரெண்டு நாளானாலும் காயாது. மலை மண்ணும் ஏலச்செடிக் கறையும் பிடிச்ச கனத்த சட்டையைக் கையால பிழிஞ்சா மணிக்கட்டு வீங்குது. கர்ப்பப்பை ஆபரேஷன் ஆன அக்காமார் நம்மள்ல எத்தனை பேர் இருக்கோம்! குனிஞ்சு துவைக்கவும் தண்ணி வாளி தூக்கவும் முடியாம, அந்த வேலை பள்ளிக்கூடம் போற பொம்பளைப் பிள்ளை தலையில விழுது. மாவு மிஷினுக்குக் கடன் கொடுக்கிறோம், அதுல வருமானம் வருதுன்னு. நம்ம இடுப்பும் பிள்ளையோட படிப்பும் கணக்குல வராதா?

சரி, புதுசு வாங்கலாமேன்னா, எல்லாருக்கும் முடியாது. அதனால பழைய ரெண்டு தொட்டி மிஷின். இது நமக்குத் தோதானது. குழாய் இணைப்பு வேண்டாம், குடத்துல ஊத்தினாலே போதும். எவ்வளவு தண்ணி, எவ்வளவு நேரம்ங்கிறது நம்ம கையில. கம்ப்யூட்டர் போர்டு கிடையாது; டைமர், பெல்ட், ரெண்டு மோட்டார், அவ்வளவுதான். உள்ளூர் மெக்கானிக்கே பிரிச்சு மாட்டிருவார்.

இப்ப வாங்கும்போது பார்க்க வேண்டியதைச் சொல்றேன். எழுதிக்கங்க.

1. வெறும் மிஷினை ஓட்டிக் காட்டினா நம்பாதீங்க. தண்ணி ஊத்தி, துணி போட்டுத்தான் ஓட்டச் சொல்லணும். வீட்டிலிருந்து ரெண்டு பெட்ஷீட் கொண்டுபோங்க. விக்கிறவர் "தண்ணி இல்லை"ன்னு சொன்னா, இன்னொரு நாள் வாறோம்னு திரும்பிருங்க.

2. துவைக்கிற தொட்டியில அடியில இருக்கிற தட்டு வலப்பக்கம் சுத்தி, கொஞ்சம் நின்னு, இடப்பக்கம் சுத்தணும். ஒரே பக்கமாச் சுத்தினா பெரும்பாலும் டைமர் கோளாறு. 'ம்ம்ம்'ன்னு உறுமிக்கிட்டுச் சுத்தாம நின்னா கண்டென்சர் போயிருக்கலாம். அது சின்னச் செலவுதான். மோட்டாரே போயிருந்தா பெரிய செலவு. மெக்கானிக் பார்த்துச் சொல்லாம முடிவு பண்ணாதீங்க. துணி போட்டதும் தட்டு திணறினா பெல்ட் தளர்ந்திருக்கு.

3. ட்ரையர்ல ஈரத்துணியைப் போட்டு ஓட்டுங்க. கிளம்பும்போது கொஞ்சம் ஆடும். வேகம் பிடிச்சதும் ஆட்டம் அடங்கணும். துணியைச் சரியா அடுக்கியும் தொட்டி பக்கத்துல மோதிக்கிட்டே இருந்தா அடியில ஸ்பிரிங்கோ புஷ்ஷோ தேய்ஞ்சிருக்கு.

4. இதுதான் முக்கியம். ட்ரையர் வேகமா ஓடும்போது மூடியைத் தூக்குங்க. கையை உள்ளே விடக் கூடாது, பார்க்க மட்டும் செய்யணும். உடனே மின்சாரம் நிக்கணும், பிரேக் பிடிச்சுச் சில நொடியில தொட்டி நிக்கணும். மூடியைத் திறந்தும் ஓடிக்கிட்டே இருந்தா அந்த மிஷின் வேண்டாம். "வாங்கிட்டுப் போங்க, அப்புறம் சரி பண்ணிக்கலாம்"னு சொன்னா, "சரி பண்ணி வைங்க, அப்புறம் வாங்கிக்கிறோம்"னு சொல்லுங்க.

5. பிளக்கைப் பிடுங்கிட்டு, மிஷினைச் சாய்ச்சு அடியைப் பாருங்க. தகரம் துருப்பிடிச்சு உதிருதா, எலி கடிச்ச வயர் இருக்கா, எண்ணெய் கசிஞ்சிருக்கான்னு பார்க்கணும். ட்ரையருக்குக் கீழே ஈரம் இருந்தா ரப்பர் சீல் கிழிஞ்சிருக்குன்னு அர்த்தம். அந்தத் தண்ணி மோட்டார் மேலேயே விழும்.

6. தண்ணியை நிரப்பி அஞ்சு நிமிஷம் விடுங்க. குமிழ் மூடியிருக்கும்போது ஓஸ்ல சொட்டக் கூடாது. திறந்தா தடையில்லாம வடியணும்.

7. மூணு பின் பிளக் இருக்கணும். வயர்ல டேப் சுத்தின ஒட்டு இருந்தா புது வயர் போட்ட பிறகுதான் ஓட்டணும்.

8. அந்த மாடலுக்கு டைமரும் சீலும் கிடைக்குமான்னு உங்க ஊர் மெக்கானிக்கிட்ட முன்கூட்டியே கேளுங்க. கம்பெனி பேரு பெரிசா இருக்குன்னு மட்டும் பார்த்து வாங்கினா, சாமான் கிடைக்காம மிஷின் நெல்லுக் குதிராத்தான் நிக்கும்.

கடைசியா, எழுத்துல ரசீது. ஒரு மாசத்துக்குள்ள கெட்டா சரி பண்ணித் தரணும்னு அதுல எழுதி வாங்கிக்கணும்.

வாங்கியாச்சு. இனி வீட்டுல.

மிஷினைச் சமதளத்துல வையுங்க. குளியலறை ஈரத்துல வைக்காதீங்க. வீட்டு வயரிங்ல எர்த் சரியா இருக்கான்னு எலக்ட்ரீஷியனை வச்சுப் பார்த்துருங்க. ஈரக்கையோட சுவிட்ச் போடக் கூடாது. காலில் செருப்பு இருக்கட்டும். எதைத் தொடுறதா இருந்தாலும் பிளக்கைப் பிடுங்கிட்டுத் தொடுங்க.

ஆறு கிலோ மிஷின்னா காய்ஞ்ச துணி ஆறு கிலோ. அதையும் திணிக்காம, துணி தண்ணியில புரளுற அளவுக்குப் போடுங்க. பையில காசு, சேலையில ஊக்கு, தலையில குத்துற பின் எல்லாம் எடுத்துருங்க. அது தட்டுக்கு அடியில போய் மாட்டிக்கும். சோப்புத் தூளைத் தண்ணியில கரைச்ச பிறகு துணி போடுங்க. உப்புத் தண்ணி போர் உள்ள ஊர்ல நுரை வராது. நுரை வரணும்னு தூளைக் கொட்டினா அலசித் தீராது. துவைக்கிறதுக்கு மட்டுமாவது நல்ல தண்ணி வைக்க முடிஞ்சா தூள் மிச்சம்.

இந்த மிஷினோட பெரிய லாபம் தண்ணியில இருக்கு. ஒரே சோப்புத் தண்ணியில மூணு தடவை துவைக்கலாம். முதல்ல வெள்ளைத் துணி, பள்ளிக்கூடத்துச் சட்டை. அடுத்து சாயம் போகாத சேலை, நைட்டி. கடைசியில வேலைக்குப் போட்ட துணி, கால்மிதி. லேசான அழுக்குக்கு அஞ்சாறு நிமிஷம், நூல் சேலைக்கு பத்து, மண் பிடிச்ச துணிக்கு பதினஞ்சு போதும்.

இன்னொரு சூட்சுமம். துவைச்ச துணியை நேரா அலசாதீங்க. முதல்ல ட்ரையர்ல ஒரு நிமிஷம் ஓட்டி சோப்புத் தண்ணியைப் பிழிஞ்சு விடுங்க, அப்புறம் அலசுங்க. மூணு தடவை அலசுற இடத்துல ரெண்டு போதும். கடைசி அலசின தண்ணியைப் பிடிச்சு வச்சு, அடுத்த தடவை துவைக்க ஊத்திக்கலாம், வாசல் கழுவலாம்.

ட்ரையர்ல துணியைச் சுத்திலும் ஒரே கனமா அடுக்கி அமுக்கி, மேலே அந்தப் பிளாஸ்டிக் தட்டை வச்சு மூடுங்க. தட்டு இல்லாம ஓட்டினா துணி மேலேறி வெளியே மாட்டும். தடதடன்னு அடிச்சா உடனே நிறுத்தித் திரும்ப அடுக்கணும். மிஷினைக் கையால அமுக்கிப் பிடிக்கக் கூடாது. தொட்டி முழுசா நின்ன பிறகுதான் கை உள்ளே போகணும். பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிக் கொடுங்க. வேலை முடிஞ்சதும் பிளக்கைப் பிடுங்கி வையுங்க.

மருந்து அடிச்ச துணி பத்தி ஒண்ணு. திராட்சைக்கோ ஏலத்துக்கோ பூச்சிமருந்து அடிச்சிட்டு வந்தவங்க துணியை மத்தத் துணியோட, அதுவும் பச்சைப்பிள்ளை துணியோட, போடவே கூடாது. கையுறை போட்டுத் தனியா அலசி, தனித் தண்ணியில துவைங்க. பிறகு வெறும் சோப்புத் தண்ணியை ஊத்தி மிஷினை ஒரு தடவை ஓட்டி வடிச்சிருங்க. அந்தத் தண்ணி கீரைப் பாத்திக்கோ, மாட்டுத் தொட்டிக்கோ, வாய்க்காலுக்கோ போகக் கூடாது. நம்ம முல்லையாறு வைகையில சேர்ந்து வைகை அணைக்குப் போகுது. மதுரைக்காரங்க குடிக்கிற தண்ணி அது.

கரண்டுக்குப் பயப்பட வேண்டாம். மிஷின் பின்னாடி தகட்டுல 400 வாட்னு போட்டிருந்தா, ஒரு மணி நேரம் ஓடினா 0.4 யூனிட். மாசத்துக்கு எட்டு மணி நேரம் ஓட்டினாலும் மூணு யூனிட்டும் கொஞ்சமும்தான். வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்னு 2016ல கொண்டு வந்தாங்க. அந்தக் கணக்குல இது பெரிய பாரம் இல்லை.

அக்கா தங்கச்சிமார்களே, கடைசியா ஒரு வேண்டுகோள். நம்ம குழுக்கள் தொடங்கினப்ப, கந்துவட்டிக்காரன் வாசல்ல ஒருத்தி தனியா நிக்கக் கூடாதுன்னுதான் சேர்ந்தோம். கடன் கொடுத்தாலும் சரி, கொடுக்க முடியாமப் போனாலும் சரி, ஒரு உறுப்பினர் பழைய சாமான் வாங்கப் போனா இன்னும் ரெண்டு பேர் கூடப் போகணும். நான் சொன்ன இந்த எட்டையும் ஒரு தாள்ல எழுதி தீர்மான நோட்டுக்குள்ள ஒட்டி வையுங்க. எட்டும் சரியா இருந்தா மட்டும் பணத்தை எண்ணிக் கொடுங்க.

எங்க குழுவில இப்ப அதுதான் பழக்கம். இதுவரைக்கும் மூணு மிஷின் பார்க்கப் போனோம். ஒண்ணை வாங்கினோம், ரெண்டை வேண்டாம்னு விட்டுட்டு வந்தோம். வேண்டாம்னு சொன்ன ரெண்டுலயும் மூடி திறந்தா தொட்டி நிக்கலை. மூணு தடவையும் எங்க கூட வந்து, முதல் ஆளா மூடியைத் தூக்கிப் பார்த்தது அந்தத் தங்கச்சிதான்.