கோயிலைச் சர்க்கார் கணக்கில் சேர்த்த ஸ்காட்லாந்துக்காரர்



மன்றோ என்றதும் சென்னைத் தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் சிலைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அவர் தாமஸ் மன்றோ, மாகாண ஆளுநர். இன்று நாம் பேசப்போவது இன்னொரு மன்றோவைப் பற்றி. கர்னல் ஜான் மன்றோ. இவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். சென்னைக்கு அந்த மன்றோ எப்படியோ, நம் நாஞ்சில் நாடும் அடங்கிய அன்றைய திருவிதாங்கூருக்கு இந்த மன்றோ அப்படி.

1778இல் பிறந்தவர். சொந்த ஊர் ஸ்காட்லாந்தின் வடக்கே டீனினிக். அந்தப் பெயரில் இன்றும் விஸ்கி வருகிறது. அந்த வடிசாலையைத் தொடங்கியவர் இவருடைய அண்ணன். தம்பி இளம்வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து, 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் போரில் நின்றார். பாரசீகம், அரபு என்று பல மொழி தெரிந்தவர் என்பதால் தளபதிகளுக்குத் துபாஷி வேலையும் பார்த்தார். பிறகு படையின் செலவுக் கணக்கைக் கிண்டி ஓர் அறிக்கை எழுதினார். கூடாரச் செலவுக்கென்று கிடைத்த படி பறிபோகிறதே என்று அதிகாரிகள் கொதித்தார்கள். தளபதி மெக்டவல் அவரைக் கைது செய்தார். அரசாங்கம் தலையிட்டு விடுவித்தது. வெள்ளைக்கார அதிகாரிகளே கம்பெனிக்கு எதிராகக் கிளம்பிய 1809ஆம் ஆண்டுக் கலகத்தின் பின்னால் இந்த அறிக்கையும் உண்டு. கணக்கு என்றால் ஆள் பார்க்காதவர் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

அதே 1809இல் இங்கே நடந்தது உங்களுக்குத் தெரியும். தலக்குளத்து வேலுத்தம்பி தளவாய் கம்பெனியை எதிர்த்து எழுந்து, தோற்று, மண்ணடியில் உயிரை விட்டார். கம்பெனிக்கு ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாய் கப்பம், அதிலும் பாக்கி; கஜானா காலி. இந்த நிலையில்தான் 1810இல் மன்றோ கம்பெனியின் பிரதிநிதியாக, ரெசிடென்டாக வந்து இறங்குகிறார். அரியணையில் இளம்வயது ராணி கௌரி லட்சுமி பாய். அடுத்த ஆண்டே திவான் உம்மிணித்தம்பி நீக்கப்பட்டார். அந்த நாற்காலியிலும் மன்றோவே உட்கார்ந்தார். கண்காணிக்க வந்தவரே கணக்கப்பிள்ளையும் ஆனார்!

1814 வரையிலான அந்தத் திவான் ஆட்சியில் சட்டவரியோலைகள் என்ற சட்டவிதிகள் எழுதப்பட்டன. பத்மநாபபுரம் உட்படப் பல இடங்களில் ஜில்லா கோர்ட்டுகள் வந்தன. தர்மசாஸ்திரம் சொல்ல ஒரு சாஸ்திரி. நீதிபதிகளில் சிரியன் கிறிஸ்தவர்களுக்கும் இடம். அதுவரை வரி வசூலித்தவரே வழக்கையும் தீர்த்தார். அந்த இரண்டையும் பிரித்தது பெரிய காரியம். ஆனாலும் பழைய நீதி ஒரே நாளில் போய்விடவில்லை. கொதிக்கும் நெய்யில் கைவிடச் சொல்லும் சுசீந்திரம் கைமுக்கு, சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில்தான் நின்றது.

இனி கோயில் விவகாரத்துக்கு வருவோம். அன்று கோயில் சொத்துக்கள் ஊராளர் கையிலும் யோகக்காரர் கையிலும் இருந்தன. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலும் அப்படித்தான். மன்றோ முந்நூற்றுக்கு மேற்பட்ட பெரிய கோயில்களையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறிய கோயில்களையும் சர்க்கார் பொறுப்பில் எடுத்தார். நிலங்கள் சர்க்கார் நிலத்தோடு கலந்தன. வருமானம் கஜானாவுக்குப் போனது. பூசைக்கும் திருவிழாவுக்கும் படித்தரம் வைத்து சர்க்காரே செலவுப் பணம் கொடுத்தது. நிர்வாகச் சீர்கேடு காரணம் என்று சொல்லப்பட்டது. சீர்கேடு இருந்திருக்கலாம். ஆனால் எட்டு லட்சம் கப்பத்தை மறந்துவிட்டு இந்த முடிவைப் படிக்கிறவர் பாதிக் கதைதான் படிக்கிறார்.

இதைச் செய்தவர் யார்? பைபிளை அழுத்தமாகப் பிடித்த புராட்டஸ்டண்டு. கோட்டயம் செமினாரிக்குத் துணை நின்றவர். மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபேக்கு ஆதரவு தந்தவர். கிறிஸ்தவர்களாக மாறிய ஏழை மக்களைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவிக்கும் உத்தரவை 1815இல், லட்சுமி பாய்க்குப் பின் வந்த ராணி பார்வதி பாய் பிறப்பித்தார். அதன் பின்னால் இருந்ததும் இவர் கைதான். 1818இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி சார்லஸ் மீட், இவர் ஏற்பாட்டில் இங்கே சிவில் ஜட்ஜாகவே நியமிக்கப்பட்டார்! பாதிரியார் நீதிபதி நாற்காலியில் இருப்பதை லண்டன் மிஷன் தலைமை விரும்பவில்லை. சீக்கிரமே அவர் விலக வேண்டியதாயிற்று.

இப்படிப்பட்ட மனிதர் போட்ட முடிச்சு யாரை இறுக்கியது என்று பாருங்கள். கோயில் நிர்வாகம் வருவாய்த் துறையோடு ஒட்டிக்கொண்டதல்லவா? அந்தத் துறையில் வேலை பார்ப்பவர் கோயிலுக்குள் போகத் தகுதி உள்ளவராக இருக்க வேண்டும் என்றார்கள். ஆகவே கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் ஈழவருக்கும் அங்கே வேலை இல்லை. 1919இல் சம உரிமை கேட்டு அவர்கள் கிளர்ந்து எழுந்தார்கள். 1922இல் கோயில் நிர்வாகம் தேவஸ்வம் என்ற தனித்துறையாகப் பிரிந்த பிறகே கதவு திறந்தது. ஏறக்குறைய நூற்றுப்பத்து ஆண்டுகள்! மன்றோ பரிவு காட்டிய மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு, மன்றோவின் உத்தரவே தடையாக நின்றது.

அவர் 1819இல் பதவியை விட்டு, 1858இல் தம் ஊரில் இறந்தார். அவர் போட்ட கணக்கு மட்டும் முடியவில்லை.

1956 நவம்பர் 1 அன்று நாம் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். கோயில் நிலத்தை எடுத்துக்கொண்ட சர்க்கார் இரண்டாகப் பிரிந்தால், கோயிலுக்குக் கடன்பட்டவர் யார்? அரசியல் சட்டத்தில் 290ஏ என்று ஒரு பிரிவே சேர்க்க வேண்டி வந்தது. கேரளம் ஆண்டுதோறும் திருவிதாங்கூர் தேவஸ்வத்துக்கு 46 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய். தமிழ்நாடு இங்குள்ள கோயில்களுக்காக 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய். கோயிலுக்கு இவ்வளவு ரூபாய் என்று எண் போட்டு இந்திய அரசியல் சட்டம் எழுதியிருப்பது இங்கேதான்.

அந்த எண் இன்றும் அப்படியே இருக்கிறது. அரசு மேற்கொண்டு தரும் மானியம் அரசின் மனதைப் பொறுத்தது; சட்டத்தில் எழுதியிருப்பது பதின்மூன்றரை லட்சம்தான். 1956இன் நெல் விலை என்ன, இன்றைய நெல் விலை என்ன? இந்த அவையில் வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள், ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், கோயில் காரியம் பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள். அந்தத் தொகையை இன்றைய விலைவாசிக்கு ஏற்ப மாற்றியமைக்கக் கோரி, கட்சி பார்க்காமல், இந்த மாவட்டத்திலிருந்து ஒரு மனு டெல்லிக்குப் போக வேண்டும். கூட்டம் கலைவதற்கு முன் அதற்கான தீர்மானத்தை நிறைவேற்றித் தாருங்கள்.