பின்னங்காலா, முன்னங்காலா?

டோவர் வெள்ளைப் பாறைகளைப் பார்க்க உங்களில் நிறையப் பேர் போயிருப்பீர்கள். பாறைக்கு மேலே, புல்வெளியில் பழுப்பு நிற மட்டக்குதிரைகள் மேய்வதைக் கவனித்தீர்களா? எக்ஸ்மூர் இனம். அவற்றை அங்கே விட்டிருப்பதே மேய்வதற்காகத்தான்.

சுண்ணாம்பு மண்ணின் பழைய புல்வெளியில் ஒரு சதுர மீட்டருக்குள் 40 வகைச் செடிகள்வரை இருக்கும். 'அடோனிஸ் நீலம்' என்கிற வண்ணத்துப்பூச்சியின் புழு அங்கே வளரும் ஒரே ஒரு பயற்றுச் செடியைத்தான் தின்னும். புல் குட்டையாக இருந்து, தரையில் வெயில் பட்டால்தான் அது பிழைக்கும். முன்பெல்லாம் ஆடும் முயலும் புல்லைக் கடித்துக் குட்டையாக வைத்திருந்தன. 1953இல் முயல்களைக் கொல்லும் மிக்சோமடோசிஸ் நோய் பிரிட்டனுக்குள் வந்தது. முதலில் தென்பட்டது டோவர் இருக்கும் இதே கென்ட் மாவட்டத்தில். முயல் குறைந்ததும் முரட்டுப்புல்லும் முட்புதரும் ஏறிவிட்டன. அவற்றைத் தின்ன இந்தக் குதிரைகளுக்குத் தயக்கமே இல்லை.

இஷ்டம்போல் திரிந்தாலும் இவற்றுக்கு உரிமையாளர் உண்டு. 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி அவருக்குப் பொறுப்பும் உண்டு. யாராவது தவறாமல் போய்ப் பார்த்து வர வேண்டும் அல்லவா? அந்த வேலையைத்தான் என்னைப் போன்ற தன்னார்வலர்கள் செய்கிறோம். நான் போவது இதே மாதிரியான இன்னொரு குன்றுக்கு.

தலை எண்ணுவது, தொட்டியில் தண்ணீர் பார்ப்பது, வேலியைப் பார்ப்பது எல்லாம் உண்டு. ஆனால் எனக்கு உயிரான வேலை அதற்கும் முந்தியது. வேலிக் கதவருகே அசையாமல் நின்று, தொலைநோக்கியில் பார்ப்பது. காரணம் சொல்கிறேன், கேளுங்கள். குதிரை வேட்டையாடப்படும் பிராணி. நோவு தெரிந்தால் ஓநாய் முதலில் அதைத்தானே பிடிக்கும்? அதனால் ஆள் கிட்டே வந்ததும் வலியை மறைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். நாம் வந்தது தெரியாத அந்தச் சில நிமிடங்களில்தான் உண்மை தெரியும்.

எதைப் பார்ப்பது? காலைப் பாருங்கள். ஒரு பின்னங்காலை லேசாக மடக்கி, குளம்பு நுனியை மட்டும் ஊன்றி நின்றால் அது ஓய்வு. முன்னங்காலை முன்னால் நீட்டிப் பாரம் கொடுக்காமல் நின்றால், அங்கே வலி.

எங்கள் குதிரைக் கூட்டத்தில் ஒரு கிழப் பெட்டை உண்டு. எக்ஸ்மூர் குதிரைகள் எல்லாம் ஒரே அச்சு. வெள்ளைப் பொட்டுகூட இருக்காது. மூக்கைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் மாவு பூசினாற்போல வெளிர் நிறம். ஆகவே பிடரி எந்தப் பக்கம் விழுகிறது, எது எதோடு மேய்கிறது என்று பார்த்துத்தான் அடையாளம் வைத்திருக்கிறோம். ஒரு நாள் காலை அவளுடைய தோழி சரிவில் இறங்கி மேய்ந்துகொண்டே போகிறாள், இவள் பின்தொடரவில்லை. இடது முன்னங்கால் ஓரடி முன்னால் நிற்கிறது. பொறுப்பாளருக்குப் போன் செய்தேன். மதியம் மருத்துவர் வந்து குளம்பைச் சீவினார். கறுப்பாகச் சீழ் வடிந்தது. சில நாளில் தோழியின் பின்னால் நடக்க ஆரம்பித்துவிட்டாள். கிட்டே போய்த் தட்டிக்கொடுத்திருந்தால் காலைச் சமமாக ஊன்றிக்கொண்டிருப்பாள் என்றே நினைக்கிறேன்.

குளிர்காலத்தில் குதிரையின் முதுகில் பனி உருகாமல் கிடப்பதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. பதற வேண்டாம். உள்ளே கம்பளிபோல ஒரு மயிர், மேலே எண்ணெய்ப் பிசுக்குள்ள இன்னொரு மயிர். உடல் சூடு வெளியே கசியாததால்தான் பனி அப்படியே கிடக்கிறது. லத்தியையும் பார்ப்போம். அதைச் சோதித்துக் குடற்புழு முட்டை மிகுதியாக இருந்தால் மட்டும் மருந்து கொடுப்பார்கள். கண்டபடி கொடுத்தால் லத்தியில் வாழும் வண்டுகள் செத்துப்போகும்.

அடுத்த முறை டோவர் போகும்போது பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்: ஆப்பிள், ரொட்டி எதையும் நீட்டக் கூடாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஒவ்வாதது உள்ளே போனால் வயிற்று வலியிலேயே உயிர் போகலாம். குதிரை படுத்துக் கிடந்தால் சற்று நின்று பாருங்கள். பெரும்பாலும் தூக்கம்தான், பக்கத்திலேயே இன்னொன்று காவல் நிற்கும். முன்னங்கால் நீட்டி நின்றால் மட்டும் வாசலில் எழுதியிருக்கும் எண்ணுக்கு ஒரு போன் செய்யுங்கள். உங்களில் யாராவது தொலைநோக்கியோடு எங்களுடன் வந்து நின்றால் மிகவும் மகிழ்வேன்.