செல்ஃப் எடுக்கலைன்னா முதல்ல பயப்படாதீங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், வாடகை வேன் ஓட்டும் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு மேடைப் பேச்சு வராது. குழுக் கடனில் பழைய வேன் ஒன்று வாங்கி ஓட்டுகிறேன். நான் ஏமாந்த கதையைச் சொல்றேன். நம்மில் இப்போ நிறைய பேர் வண்டி வச்சிருக்கோம், உங்களுக்கு உதவும்.

ஒருநாள் காலையில் சாவியைத் திருப்பினேன். 'டக்'குன்னு ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். வந்த மெக்கானிக் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கலை. "செல்ஃப் மோட்டார் போச்சும்மா, புதுசு போடணும்"னார். 6,500 ரூபாய் கொடுத்தேன். மூணே நாளில் மறுபடி அதே 'டக்'. அந்த மாதம் தவணை கட்ட முடியாமல், வெட்கப்பட்டுக் கூட்டத்துக்கே போகலை. குழுத் தலைவி வீட்டுக்கே வந்து விசாரித்து, அவங்களுக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் அனுப்பினாங்க.

அவர் ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும், மறுமுனையை இன்ஜின் இரும்பிலும் பிடிச்சு, "இப்போ திருப்பும்மா"ன்னார். உடனே ஸ்டார்ட் ஆயிடுச்சு! இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் போகும் எர்த் வயர் துருப்பிடித்து லூசாகி இருந்தது. சுரண்டித் துடைத்து போல்ட்டை முறுக்கினார், முடிந்தது. பழைய மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. அன்றைக்கே அவரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டதுதான் இது.

முதலில் கியரை நியூட்ரலில் வையுங்க, ஹேண்ட் பிரேக் போடுங்க. சில வண்டிகளில் கிளட்ச்சை மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும். பிறகு ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருப்புங்க.

லைட் மங்கி, 'டகடகடக'ன்னு அடிச்சா, பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் லூஸ்.

லைட் பிரகாசமாவே இருந்து, ஒரே 'டக்' வந்தா, எர்த் வயர், மோட்டாருக்குப் போகும் தடித்த வயர் இரண்டையும் பாருங்க. அவை சரின்னா மோட்டாரின் சொலினாய்டு, கார்பன் பிரஷ் பக்கம் கோளாறு இருக்கும்.

லைட் நல்லா எரிஞ்சும் சத்தமே இல்லையா? ஃபியூஸ், ரிலே, சாவி ஸ்விட்ச், சொலினாய்டுக்குப் போகும் சின்ன வயர், இவற்றைப் பார்க்கணும்.

இன்ஜின் நல்லாச் சுத்தியும் ஸ்டார்ட் ஆகலைன்னா, குற்றம் செல்ஃபில் இல்லை. வேறு இடத்தில் தேடணும்.

பேட்டரியைத் தொடும் முன் வளையலைக் கழற்றுங்க, முந்தானையைச் செருகுங்க. பிளஸ்ஸையும் பாடியையும் வளையல் தொட்டா, கை வெந்துடும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியை ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் தேய்த்துக் கழுவலாம். அந்தத் தண்ணீர் பேட்டரிக்குள்ளே போகக் கூடாது. காய்ந்ததும் இறுக்கி மாட்டி, மேலே வாசலின் தடவுங்க.

குழுவுக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கி வச்சுக்கலாம். வண்டி ஓடாமல் நிற்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் காட்டினா முழு சார்ஜ். 12-க்குக் கீழே போனா சார்ஜ் ஏத்தணும். வண்டி ஓடும்போது 14 வோல்ட் பக்கம் காட்டணும். காட்டலைன்னா பேட்டரிக்குச் சார்ஜ் ஏறலைன்னு அர்த்தம். சாவியை 10 விநாடிக்கு மேல் திருப்பிப் பிடிக்காதீங்க, மோட்டார் சூடாகிக் கெட்டுவிடும்.

எல்லா வேலையையும் நாமே செய்யணும்னு நான் சொல்லலை. மோட்டாரைக் கழற்றுவது மெக்கானிக் வேலைதான். ஆனா, "எர்த் பார்த்தீங்களா? கார்பன் பிரஷ் மட்டும் மாத்தினாப் போதுமா? பழைய மோட்டாரைக் கையில் கொடுங்க"ன்னு கேட்க நமக்குத் தெரியணும். கணக்கு நோட்டில் ஒவ்வொரு ரூபாய்க்கும் கேள்வி கேட்டுப் பழகினவங்க நாம. பட்டறையிலும் கேட்போம்.

கடைசியாக ஒன்று. தவணை தவறினா வீட்டில் ஒளியாதீங்க, கூட்டத்துக்கு வந்து சொல்லுங்க. நான் ஒளிந்தப்போ தேடி வந்தது நம்ம குழுதான்.