பாற்பல்லும் பற்சூத்தையும்

திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில், மாவலி கங்கையின் கிளையாகிய வெருகலாறு கடலை நாடிச் செல்லும் வழியில், முருகன் கோயிலுக்குப் பெயர்பெற்று விளங்குவது வெருகல். வயலும் ஆறும் கடலும் வாழ்வளிக்கும் அவ்வூர், பட்டினத்துக்குத் தொலைவில் அமைந்தது. அத்தகைய ஓர் ஊரில் ஐந்து வயதுக் குழந்தைக்கு நள்ளிரவிலே பல்வலி கண்டால் வீடு முழுவதும் விழித்திருக்கும். விடிந்ததும் தாயோ தகப்பனோ அன்றைய கூலியைக் கைவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூதூருக்கோ திருகோணமலைக்கோ புறப்படல் வேண்டும். மிதவைப் பாதைகளை நம்பி ஆறுகளைக் கடந்த காலம் போய்விட்டது. 2009ஆம் ஆண்டிற் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின் பிரயாணமும் எளிதாயிற்று. ஆயினும், பல்வைத்தியரிடம் போய்வர ஒரு பகற்பொழுது கழிந்துவிடுவதுண்டு.

இவ்வளவு துன்பமும் ஒரு சிறு சொல்லிலிருந்தே பெரும்பாலும் தொடங்குகின்றது. “விழப்போகிற பல்தானே!” என்பதே அச்சொல். குழந்தையின் பல்லிற் கறுப்புப் புள்ளியொன்றைக் கண்ட தாய் கவலையுறும்போது, அயலிலுள்ளோர் அன்போடு கூறும் ஆறுதல் இது. இவ்வாறுதல் எத்துணைப் பிழையானது என்பதைச் சிறிது ஆராய்ந்து பார்த்தல் நன்று.

நம்மவர் பாற்பல்லை மதியாதவரல்லர். முதற்பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவித்து, குழந்தையை நடுவில் இருத்தி, தலையிலே கொழுக்கட்டைகளைச் சொரிந்து மகிழ்வது ஈழத்துத் தமிழர் மரபு. இவ்வாறு விழாவெடுத்து வரவேற்ற பல்லை, இரண்டொரு ஆண்டுகளில் மறந்துவிடுவதே விந்தையாகும்.

பாற்பற்கள் இருபது. ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் முளைக்கத் தொடங்கி, இரண்டரை மூன்று வயதளவில் இவை நிறைவுறுகின்றன. முன்பற்கள் ஆறேழு வயதில் விழுந்துவிடும் என்பது உண்மையே. ஆனால் பின்புறத்துக் கொடுப்புப் பற்களோ பத்து முதற் பன்னிரண்டு வயது வரையில் நின்று உழைக்க வேண்டியவை. நான்கு வயதிலே சூத்தை கண்ட கொடுப்புப் பல்லைப் பார்த்து “விழப்போகிற பல்” என்று கூறுவது, இன்னும் ஆறேழு ஆண்டுகள் நிற்கவேண்டிய வீட்டின் கூரையைப் பார்த்து “இடியப்போகிற வீடுதானே” என்று கைவிடுவதை ஒக்கும்.

இனி, பாற்பல்லுக்கு மற்றுமொரு கடமையுண்டு. பின்னர் வரவிருக்கும் நிலையான பல்லுக்கு இடங்காத்து நிற்பதே அது. ஆறாம் வயதளவில், பாற்பற்களுக்கெல்லாம் பின்னால், நிலையான கொடுப்புப் பல் ஒன்று ஒவ்வொரு தாடைப் பக்கத்திலும் முளைக்கின்றது. எந்தப் பல்லும் விழாமலே இது முளைப்பதால், பெற்றோர் பலர் இதனையும் பாற்பல்லென்றே எண்ணி விடுகின்றனர். முன்னாலுள்ள பாற்பல் காலத்துக்கு முன்னரே பிடுங்கப்பட்டால், இப்புதிய பல் வெற்றிடத்தை நோக்கி நகரும். பின்னர் வரவேண்டிய பல்லுக்கு இடமிராது. அது கோணலாகவோ வரிசைக்கு வெளியிலோ முளைக்கும். அன்றியும், பாற்பல்லின் வேரடியிற் சீழ் கட்டினால், அதன் கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிலையான பல்லின் மேற்பூச்சுக்கும் கேடு நேரலாம்.

சூத்தை எவ்வாறு உண்டாகின்றது? பல்லைப் புழு அரிக்கின்றது என்பது பல நாடுகளில் நிலவிய பழைய நம்பிக்கை. கண்டங்கத்தரி விதையின் புகையை வாயிற் பிடித்துப் புழுவை வெளியேற்ற முயன்றதும் உண்டு. பிரான்சு தேசத்துப் பல்வைத்தியராகிய பியர் போசார், 1728ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே இப்புழுக் கொள்கையை ஏற்க மறுத்தார். 1890ஆம் ஆண்டில், பேர்லினிற் பணிபுரிந்த மில்லர் என்னும் அமெரிக்கர், வாயிலுள்ள நுண்ணுயிர்கள் மாப்பண்டத்தையும் இனிப்பையும் அமிலமாக மாற்ற, அவ்வமிலமே பல்லைக் கரைக்கின்றது என்று விளக்கினார். இன்றைய விஞ்ஞானமும் அடிப்படையில் இதனையே கூறுகின்றது.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. உண்ணும் சீனியின் அளவைப் போலவே, எத்தனை முறை உண்கின்றோம் என்பதும் முக்கியமாகும். ஒவ்வொரு முறை இனிப்பு வாயிற் பட்டதும் அமிலம் சுரக்கின்றது. பின்னர் உமிழ்நீர் அதனை மெல்ல மெல்லத் தணித்து, இழந்த சுண்ணச்சத்தில் ஒரு பகுதியைப் பல்லுக்கு மீட்டுத் தருகின்றது. திருவிழாக் கடையில் வாங்கிய இனிப்பைச் சோற்றுக்குப் பின் ஒரே முறையாகத் தின்பதிலும், அதனை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுதும் கொறிப்பதே பெருங்கேடு. இரவில் உமிழ்நீர் குறையும். ஆகவே சீனியிட்ட பாலையோ தேநீரையோ சூப்பிப் போத்தலில் நிரப்பி, குழந்தையின் வாயில் வைத்தபடி உறங்கவிடுவது மேல் முன்பற்களை வெகு விரைவில் அழிக்கும். பாற்பல்லின் மேற்பூச்சு மெல்லியது. உள்ளிருக்கும் நரம்புப் பகுதியோ பெரியது. எனவே இங்கே சூத்தை விரைந்து உட்செல்கின்றது.

நோயின் முதற்குறி கறுப்பன்று, வெண்மையே. முரசை ஒட்டியவாறு பல்லிலே சுண்ணாம்பு தீற்றியதுபோன்ற வெள்ளைக் கோடு தோன்றும். மாதமொருமுறை குழந்தையின் மேலுதட்டை உயர்த்தி, பகல் வெளிச்சத்திற் பார்க்கும் தாய் இதனை எளிதிற் கண்டுகொள்வாள். இந்நிலையிற் பல்லைக் குடைய வேண்டியதில்லை. இனிப்பைக் குறைத்து, புளோரைட்டுப் பற்பசையினாற் காலையும் இரவும் துலக்கி, பல்வைத்தியரிடம் புளோரைட்டுப் பூச்சும் பெற்றுக்கொண்டால் பல் மீண்டும் இறுகக் கூடும்.

குழி விழுந்தபின்னும் வழியுண்டு. பற்சிகிச்சை என்றதும் ஊசியும் இரைச்சலிடும் இயந்திரமுமே நினைவுக்கு வருவதால், குழந்தையிலும் பெற்றோரே அஞ்சுகின்றனர். இன்று அவையின்றியே செய்யத்தக்க முறைகள் உள்ளன. 1980களின் நடுப்பகுதியில், மின்சாரமற்ற கிராமங்களுக்கென ஆபிரிக்காவின் தன்சானியாவில் ஒரு முறை வகுக்கப்பட்டது. கைக்கருவியினால் மென்மையாகிய சூத்தையைச் சுரண்டி எடுத்து, பல்லோடு தானே ஒட்டிக்கொள்ளும் ஒருவகைக் கண்ணாடிச் சாந்தினாற் குழியை அடைப்பதே அம்முறை. சூத்தையின்மேல் வெள்ளியும் புளோரைட்டும் சேர்ந்த நீர்மருந்தைத் தடவி, அதன் பரவலை நிறுத்துவது மற்றொரு முறை. ஜப்பானிலே பல்லாண்டுகளாக வழங்கிவரும் இம்மருந்து சூத்தைப் பகுதியைக் கருநிறமாக்கிவிடும். அக்கறுப்பு, நோய் அடங்கியதன் அடையாளம் என்பதைப் பெற்றோர் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். 2021ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் தனது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இம்மருந்தையும், முற்கூறிய சாந்தையும், புளோரைட்டுப் பற்பசையையும் சேர்த்துக்கொண்டது.

ஸ்கொத்லாந்திலே நோர்னா ஹோல் என்னும் பல்வைத்தியர், சூத்தையைக் குடையாமலே பாற்கொடுப்புப் பல்லின்மேல் உலோகக் கவசம் ஒன்றைப் பொருத்தி மூடிவந்தார். உணவு கிடையாது அடைபட்ட நுண்ணுயிர்கள் ஒடுங்கிவிட, பல் தன் காலம்வரை நின்றது. இம்முறையின் பலன்கள் 2006ஆம் ஆண்டில் வெளியாகி, இன்று பல நாடுகளிற் பின்பற்றப்படுகின்றன. சூத்தை நரம்பைத் தொட்டுவிட்டால், கெட்ட நரம்புப் பகுதியை நீக்கி மருந்திட்டுப் பல்லைக் காப்பதும் உண்டு. எதுவும் இயலாதபோதே பிடுங்குதல். அவ்வாறு பிடுங்கினால், வெற்றிடத்தைக் காக்கும் கம்பி தேவையோ என்று பெற்றோர் வைத்தியரைக் கேட்டறிதல் வேண்டும்.

கன்னமோ முரசோ வீங்கிக் காய்ச்சலும் கண்டால் காலந்தாழ்த்தலாகாது. வீக்கம் கண்வரை ஏறினாலோ, வாய் திறக்கவும் விழுங்கவும் குழந்தை வருந்தினாலோ, இரவென்றும் பாராது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வலிமாத்திரையைப் பல்லின்மேல் வைத்து அழுத்துவது முரசைப் புண்ணாக்கும். அஸ்பிரின் குழந்தைகளுக்கு ஒருபோதும் ஆகாது.

பிள்ளைகளின் பல்லைக் காப்பதற்கு இந்நாட்டில் நல்லதோர் ஏற்பாடு உண்டு. 1921ஆம் ஆண்டில் நியூசிலாந்து, பாடசாலைப் பிள்ளைகளின் பற்களைக் கவனிப்பதற்கெனத் தாதியரைப் பயிற்றத் தொடங்கியது. 1950களிலே கொழும்புத் திட்டத்தின் கீழ் அந்நாட்டின் உதவியோடு மகரகமையில் இத்தகைய பயிற்சிப் பாடசாலை அமைந்தது. அங்கே பயின்றோர் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களிற் பணிபுரிந்து, பிள்ளைகளுக்கு இலவசமாகச் சிகிச்சையளித்து வருகின்றனர். பிள்ளையின் வாயைப் பரிசோதித்து அனுப்பப்படும் துண்டு, புத்தகப் பைக்குள்ளேயே கசங்கிப் போகாமல், பெற்றோர் கைக்கு வந்து சேர்தல் வேண்டும்.

பற்பசையைப் பயன்படுத்துவதிலும் அளவறிதல் நன்று. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசியளவு போதும். மூன்று முதல் ஆறு வயது வரையில் ஒரு பட்டாணியளவு. இலங்கையின் உலர்வலயத்திற் சில இடங்களின் கிணற்று நீரில் இயற்கையாகவே புளோரைட்டு மிகுந்துள்ளது. குழந்தைப் பருவத்தில் அது மிகுதியாக உட்சென்றால், நிலையான பற்களிற் கறை படியக்கூடும். ஆதலால் பசையை விழுங்காது துப்பப் பழக்குதலும், கிணற்று நீரைப்பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விசாரித்து அறிதலும் தக்கவை. ஏழெட்டு வயதுவரை பிள்ளையின் பல்லைப் பெரியவர் ஒருவரே துலக்கிவிடல் வேண்டும்.

பட்டினத்துக்குத் தொலைவிலுள்ள ஊருக்கே முன்கூட்டிக் காணும் கண் பெரிதும் வேண்டும். வெள்ளைக் கோடாக இருக்கையிற் கண்டுகொண்டால் ஒரு பூச்சோடு தீரக்கூடியது, காணாது விட்டால் உறக்கமற்ற இரவுகளும் கூலியிழந்த பகல்களுமாக வளர்ந்துவிடுகின்றது. கொழுக்கட்டை சொரிந்து வரவேற்ற பல், தன் வேலையை முடித்துத் தானாகவே ஆடி விழும் நாள்வரை இருக்கட்டும். அந்நாளிலே பிள்ளை அதனைச் சிரித்துக்கொண்டே கூரையில் எறிவான்.