அடைவும் நினைவகமும்

ஒரு நூலிலே குறித்ததொரு சொல் எங்கெங்கே வருகின்றது என்று அறிய விரும்புவோன் நூல் முழுவதையும் புரட்டுவதில்லை. இறுதியிலுள்ள சொல்லடைவைப் பார்க்கின்றான். கணினித் தேடுபொறி செய்வதும் இதுவே. 1999ஆம் ஆண்டில் டக் கட்டிங் என்பார் ஆக்கிய லூசீன் என்னும் மென்பொருள், ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அச்சொல் வரும் ஆவணங்களின் எண்களை ஏறுவரிசையில் எழுதி, வட்டிலே கோப்புகளாக வைக்கின்றது.

இங்கேதான் சிக்கல் எழுகின்றது. சுழலும் வட்டிலே வேண்டிய இடத்தைச் சென்றடைய ஏறத்தாழ நொடியில் நூற்றிலொரு பங்கு செல்லும். நினைவகத்துக்கோ அதிலும் இலட்சத்திலொரு பங்கு போதும். நினைவகத்தை அணுக ஒரு நிமிடம் ஆகுமெனக் கொண்டால், வட்டை அணுக 69 நாள்கள் ஆகும்!

அவ்வாறாயின் அடைவு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றலாகாதோ? பெரிய அடைவுக்கு இடம் போதாது. ஆகவே இன்றைய லூசீன், கோப்பை நினைவக முகவரிகளோடு பொருத்திவிட்டு, வேண்டிய பக்கத்தை மட்டும் கேட்கின்றது. இயங்குதளம் அப்பக்கத்தை, பெரும்பாலும் 4096 பைட்டு அளவினதாக, வட்டிலிருந்து கொணர்ந்து, இடமுள்ளவரை நினைவகத்திலேயே வைத்திருக்கும். மறுமுறை அதே பக்கம் வேண்டப்படின் வட்டை நாட வேண்டுவதில்லை. எழுதி முடித்த அடைவுக் கோப்பு பின்னர் திருத்தப்படுவதுமில்லை. புதியன வேறு கோப்பிற் சேரும். ஆதலால் நினைவகத்திலுள்ள படி பழமைப்பட்டுவிடும் என்ற அச்சமும் இல்லை.

இதனின்று ஒரு நடைமுறை உண்மை பெறப்படும். நினைவகம் முழுவதையும் தேடுபொறிக்கே ஒதுக்குவோர், விரைவை நாடி விரைவை இழக்கின்றனர். இயங்குதளத்துக்கு இடமின்றேல் பக்கங்கள் தங்கா. லூசீனை அடிப்படையாகக் கொண்டு எழுந்த எலாஸ்டிக்சேர்ச், பாதிக்கு மேல் ஒதுக்க வேண்டாவென அறிவுறுத்துகின்றது.

கண்டி–குருநாகல் வீதியிலுள்ள எங்கள் கலகெதர போன்ற ஊர்களின் பள்ளிகளுக்கு இச்செய்தி எதற்கு? 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாண நூலகத்திலே எரிந்த ஏடுகளின் நினைவு நம்மைவிட்டு அகலவில்லை. 2005ஆம் ஆண்டு முதல் ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம், இலங்கைத் தமிழ் ஏடுகளைச் சேர்த்துக் காத்து வருகின்றது. காத்த ஏடும் தேடிக் கிடைக்காவிடின் மாணவனுக்கு இல்லாததே. பழையதென்று மூலையில் ஒதுக்கிய கணினியிலும், நினைவகத்தைச் சற்றே கூட்டி, அதனை அறிந்து பங்கிட்டால், தட்டெழுத்தாக்கிய பல்லாயிரம் பக்கங்களிலே ஒரு சொல்லை நொடிப்பொழுதிற் காட்டலாம். புதியது வாங்க நிதி வரட்டும் எனக் காத்திராமல், கையிலுள்ளதை முதலில் ஆராய்வோமாக.